மறு: ‘வார்ப்புருத் தொகுதி’க்குப் பதிலாகப் ‘பாவுத்தொகுதி’

அண்ணாச்சி, வணக்கம். ஓகேமல் என்னும் நிரல்மொழியின் ஆவணத்தைத் தமிழாக்கும்போது, ஒரு தொகுதியை (மாட்யூல்) வாங்கிப் புதுத் தொகுதி தரும் ‘ஃபங்க்டர்’ என்பதைப் ‘பாவுத்தொகுதி’ எனலாம் என்றேன். அதற்கு நீங்கள் சொன்னது:

> ‘வார்ப்புரு’ விக்கிப்பீடியாவில் பழகிய சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே.

பழகிய சொல்தான். ஒரே துண்டைப் பல பக்கங்களில் செருகும் விக்கிப்பீடியா வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்துவைக்கும் அட்டவணைக்கான தொகுதியை உருவாக்கித் தரும் ஓகேமல் மொழியின் மேப்.மேக் அப்படிப்பட்டதில்லை. அது இன்னொரு தொகுதியைக் கேட்டு வாங்குகிறது. வருகிற தொகுதியில் ‘டி’ என்றொரு வகையும், இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டு முழு எண் தரும் ‘கம்பேர்’ சார்பும் இருந்தே ஆகவேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் தொகுபடாது. இந்தக் கேட்டு வாங்குதல் ‘வார்ப்புரு’வில் எங்கே இருக்கிறது?

போன மாதம் பத்தமடையில் ஒரு வீட்டில் பாய் நெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பருத்தி நூல் பாவு, அதாவது நெடுக்கு நூல், முன்பே இழுத்துக் கட்டியிருந்தது. நெய்த அக்கா ஒவ்வொரு கோரையாக எடுத்து விரலால் நீவினார்; கொஞ்சம் தடித்ததை ஓரமாகப் போட்டார். சிவப்புக் கோரை போனால் சிவப்புப் பாய், பச்சை போனால் பச்சைப் பாய். பாவு அதேதான், ஆனால் அதற்கேற்ற மெலிவு கோரைக்கு இருந்தாக வேண்டும். மேப்.மேக் செய்வதும் இதையேதான். பாவுக்குக் குறுக்கே போவது ஊடை. அதனால் வாங்குவது பாவுத்தொகுதி, அதற்கு நாம் கொடுப்பது ஊடைத்தொகுதி.

ஓகேமல் நிரலுக்கு ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஓடாக் கருவி இப்படிப்பட்ட தொகுதியின் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் போடுகிறது. முதலாவதை (பாராமீட்டர்ஸ்) ‘அளபுருக்கள்’ என்றும் இரண்டாவதைக் (சிக்னேச்சர்) ‘கையொப்பம்’ என்றும் வரைவில் எழுதியிருக்கிறோம். கையொப்பம் கட்டாயம் மாற வேண்டும், அண்ணாச்சி. அங்கே யாரும் ஒப்பமிடவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற விவரம்தான் இருக்கிறது. ‘வேண்டிய ஊடை’, ‘கிடைக்கும் தொகுதி’ என்று போட்டால் புதிதாக வருகிற பிள்ளைக்கும் புரியும். எழுத்துச் சரங்களுக்கான ஸ்ட்ரிங் தொகுதியை மேப்.மேக்கிடம் கொடுத்து உருவாக்கியதன் பக்கத்தில், சாவியின் வகை ஸ்ட்ரிங்.டி என்று தெளிவாகத் தெரிய வேண்டும். நெய்த பாயில் கோரையின் நிறம் தெரிவது மாதிரி.

வீரவநல்லூர்த் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் அன்றாடச் சொற்கள். தறியையே பார்க்காதவர்களுக்கு அப்படியில்லை, சரி. நாற்றுப் பாவுவதையும் நாம் அதே சொல்லால்தான் சொல்கிறோம். ஆனால் ‘ஊடை’ பக்கத்திலேயே வரும்போது வயல் நினைவு வராது என்றே நினைக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் மேப்.மேக் பக்கத்தை முழுக்க இந்தச் சொற்களில் எழுதி அனுப்புகிறேன். வாய்விட்டுப் படித்து, எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.