சார்ல்ஸ்டனில் பார்த்த முறம்

கவிதா: [படம்] அம்மா, இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

அம்மா: முறம்தானே? ஆனால் வட்டமாக இருக்கிறது. கோரையில் செய்ததா?

கவிதா: ஆமாம். அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துப் பக்கம் ஒரு பழைய நெல் பண்ணையில் எடுத்த படம். பக்கத்திலேயே மர உரலும் உலக்கையும் இருந்தன. எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவேலை.

கார்த்தி: அமெரிக்காவில் நெல்லா அக்கா? பருத்தி என்றுதானே படித்தோம்?

கவிதா: பருத்திக்கு முன்பே, 1700களில், தென் கரோலினாவில் காசு கொழித்தது நெல்லில்தான். குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு நெல் பழக்கமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, சியரா லியோன் பக்கத்து மக்களுக்கு அது பரம்பரைத் தொழில். ஆப்பிரிக்காவுக்கென்றே தனி நெல் இனம் உண்டு. அந்த மக்களை சார்ல்ஸ்டனில் ‘நெற்கரையிலிருந்து வந்தவர்கள்’ என்று விளம்பரம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

சித்தி: ஐயோ, மனிதர்களை விற்க விளம்பரமா!

பெரியப்பா: தண்ணீர் எப்படிப் பாய்ச்சினார்கள்?

கவிதா: அதுதான் பெரியப்பா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் எதிர்த்து மேலே வரும். அப்போது மதகைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். கடல் வற்றும்போது வடிப்பார்கள். மதகு என்பது முதலில் குடைந்த சைப்ரஸ் மரம், அதற்கு ஒரு கட்டை அடைப்பு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையோர வயல்களிலும் குடைந்த மரம்தான் மதகு.

பெரியப்பா: கொஞ்சம் நேரம் தப்பினாலும் உப்புத் தண்ணீர் ஏறிப் பயிர் போய்விடும். மடை பார்த்துப் பழகிய கைக்குத்தான் அது வரும்.

கவிதா: அங்கே பலகையில் ‘உழைத்தார்கள்’ என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. சதுப்புக் காட்டை வெட்டி வரப்பு போட்டதும் அவர்கள்தான், அந்தச் சேற்றில் காய்ச்சல் வந்து செத்ததும் அவர்கள்தான். அந்த வேலை தெரிந்தவர்கள் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

சித்தி: அவர்கள் வாரிசுகள் இப்போது எங்கே?

கவிதா: கல்லா கீச்சி மக்கள் என்று பெயர். அதே கரையிலும் தீவுகளிலும் இருக்கிறார்கள். கூடை செய்வதை விடவில்லை. 2006-இல் அது மாநிலக் கைவினை ஆனது. அப்புறம் சித்தி, காராமணி, வெண்டைக்காய், எள் எல்லாம் ஆப்பிரிக்கா வழியாகத்தான் அங்கே வந்தன. எள்ளை அங்கே ‘பென்னி’ என்கிறார்கள். அது மேற்கு ஆப்பிரிக்கச் சொல்.

அம்மா: கூடை வாங்கினாயா?

கவிதா: சின்னதாக ஒன்று, செய்த அம்மாவிடமே வாங்கினேன். பேரம் பேசவில்லை.

அம்மா: பேசவே கூடாது.

பெரியப்பா: மதகின் படம் இருந்தால் போடு. அடைப்பு எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.