ஜோஷுவா ட்ரீயில் மூன்று இரவுகள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மார்ச் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு நானும் மனைவியும் 9 வயது மகளும் போகிறோம். ஜம்போ ராக்ஸில் கூடாரம் போட இடம் கிடைத்துவிட்டது. அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் 36 லிட்டர் கொண்டுபோகிறோம். சமையலுக்கும் சேர்த்து இது போதுமா?

காற்றை நினைத்தால்தான் எனக்குப் பயம். போன வருடம் வேறொரு பாலைவனத்தில், நள்ளிரவில் கூடார முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. துணி முகத்தில் வந்து அறைந்தது. விடியும்வரை மகள் என் கையை விடவே இல்லை. இளகிய மணலில் முளை நிற்க நீங்கள் என்ன செய்வீர்கள்? பையில் மணல் நிரப்பிப் புதைத்தால் தாங்குமா?

அப்புறம், லாஸ்ட் பாம்ஸ் ஓயாசிஸ் பாதை. போய் வர 12 கிலோமீட்டர், கடைசியில் பனைகள் நிற்கும் பள்ளத்துக்குப் பாறைகளில் இறங்க வேண்டும். மகளை மேலேயே நிறுத்திக்கொள்வது நல்லதா? ச்சோயா கள்ளி முள் ஒட்டினால் எடுக்க ஒரு சீப்பு வைத்திருக்கிறேன்.

பூங்காவுக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. கிளம்புமுன் பதில் கிடைத்தால் பெரிய உதவி.