மேக்ரோ: 'மெய்யளவுப் படம்' என்று சொல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

படக்கலைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், மேக்ரோ படத்துக்கு, அதாவது சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் படத்துக்கு, இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பேரளவுப் படம், நுண்படம், அண்மைப் படம். ஏட்டில் பார்த்தால் மூன்றிலும் குறையில்லை, கேமராவைக் கையில் எடுத்தால்தான் இடிக்கிறது. பேரளவு என்றதும் கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற பேனர்தான் பலருக்கு நினைவு வரும். நுண்படம் என்றால் நுண்ணோக்கி வழியாக எடுத்த படம் என்று எந்த அறிவியல் ஆசிரியரும் எடுத்துக்கொள்வார். அது வேறு துறை. நிக்கான் நிறுவனமே தன் மேக்ரோ லென்சுகளுக்கு மைக்ரோ என்று பெயர் வைத்துக் குழப்பியிருக்கிறது, அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம். அண்மைப் படம் நல்ல சொல்தான். ஆனால் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தாலும் அது அண்மைப் படம்தானே?

மேக்ரோவின் இலக்கணம் தூரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பொருளின் உண்மை அளவும், கேமராவின் உணரியில் (பிம்பம் பதியும் சென்சாரில்) விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் 1:1. நம் ஐந்து சென் காசை வைத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரியின் அகலம் 36 மில்லிமீட்டர். காசு படத்தின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டால் 1:1 வந்துவிட்டது. அதனால் என் முன்மொழிவு: மெய்யளவுப் படம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இந்தக் காசைக் காட்டியே விளக்கிவிடலாம்.

சுவரில் பெரிதாக அச்சிட்டு மாட்டினால் அது எப்படி மெய்யளவு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மெய்யளவு என்பது உணரியில் எடுக்கிற அளவு, அச்சில் எடுப்பதல்ல. போனில் மேக்ரோவுக்கான பூ அடையாளத்தைத் தட்டி எடுப்பது பெரும்பாலும் 1:1-ஐத் தொடாது. அதற்கு அண்மைப் படம் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். இரண்டு வேலை, இரண்டு சொல்.

அப்புறம், நீர்த்துளிப் படம். இங்கேதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் தமிழில் சொல் பற்றாக்குறையே இல்லை. இருப்பதைப் பிரித்துப் பயன்படுத்தத்தான் மறந்துவிட்டோம். இலையில் உட்கார்ந்திருப்பது துளி. அதை எடுக்க முக்காலியும் பொறுமையும் போதும். துளிக்குப் பின்னால் ஒரு செம்பருத்தியை வைத்தால் பூ துளிக்குள் தலைகீழாகத் தெரியும், துளியே ஒரு லென்ஸ் ஆகிவிடுவதால். விழுவது சொட்டு. பால்மரத் தோட்டத்தில் (ரப்பர் தோட்டத்தில்) வேலை செய்தவர்களிடம் கேளுங்கள்: வெட்டின கோட்டில் முதலில் பால் ஓடும், ஓட்டம் அடங்கினதும் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும். விட்டு விட்டு விழுவதுதான் சொட்டு. விழுந்து மோதித் தெறிக்கும் பொடிகளுக்குத் திவலை என்ற பழைய சொல் இருக்கிறது. ஆகவே துளிப்படம், சொட்டுப்படம் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம்; எடுக்கும் முறையும் வேறுதான்.

சொட்டுப்படத்துக்கு என் சமையலறை ஏற்பாடு இது: கடையில் தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) கட்டித் தருகிற பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, கீழ் மூலையில் ஊசியால் ஒரு குத்து. கீழே விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய கேக் தட்டு. சொட்டு விழும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, போக்கசைக் கையாலேயே சரிசெய்துவிட்டு, பென்சிலை எடுத்துவிட வேண்டும். லென்சின் துவாரம் (அப்பர்ச்சர்) எஃப் 11 அல்லது 16. அதிலும் தெளிவு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கிடைக்கும்.

அசைவை உறைய வைப்பது ஷட்டர் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது பிளாஷ். 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டு, தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வரும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால், அதற்குள் அது 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் ஒரு கோடுதான் மிஞ்சும். பிளாஷின் சக்தியை முழுச் சக்தியில் 1/32 பங்குக்குக் குறைத்தால் அது எரியும் நேரம் சுமார் 1/10,000 நொடிக்கோ அதற்கும் கீழோ சுருங்கும். சொட்டின் நகர்வு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டாது. அறையை இருட்டாக்கிவிட்டால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை. பிளாஷுக்குத் தெறிப்பொளி, வெட்டொளி என்றெல்லாம் பரிந்துரைத்திருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பிளாஷ் பிளாஷாகவே இருக்கட்டும், அது வீட்டுச் சொல்லாகி வெகுகாலமாயிற்று.

மோதிய பிறகு எழும் வளையத்துக்கு மகுடம். இதில் யாருக்கும் சண்டை இருக்காது. அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்த பால் சொட்டுப் படம் உலகம் முழுக்க இந்த வடிவத்துக்காகத்தான் தெரியும். நீங்களும் தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றிப் பாருங்கள், ஒளி ஊடுருவாததால் மகுடத்தின் விளிம்பு தெளிவாக நிற்கும். மகுடம் அடங்கியதும் நடுவிலிருந்து மேலே குத்திட்டு எழும் தூணுக்குத் தாரை. ஆங்கிலத்தில் அதை இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் பெயரால் அழைக்கிறார்கள். தெறிப்புகளை ஆராய்ந்து 1908-இல் நூல் எழுதியவர். நாம் 'வொர்திங்டன் தாரை' என்று அவர் பெயரையும் விடாமல் வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் ஒன்றுதான். தாரை எழுந்து நிற்கும்போது இரண்டாவது சொட்டு அதன் தலையில் விழுந்தால், நீர் தட்டையாக விரிந்து ஒரு வடிவம் கிடைக்கும். காளான் என்று சிலர், குடை என்று சிலர். காளானில் சதை இருக்கிறது, இந்த வடிவத்தின் விளிம்போ கண்ணாடி போல மெலிந்தது. என் ஓட்டு குடைக்கு. மறுப்பவர்கள் நீங்கள் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.