1972 செவர்லே சி10: பழைய 307 எஞ்சினை இறக்கிவிட்டு 5.3 லிட்டர் எஞ்சின் ஏற்றலாமா?

கேட்டிக்காரன்:

வணக்கம். ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்தபோது தன் 1972 சி10 பிக்கப்பை எனக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் சாமான் ஏற்றும் நீளப் பெட்டி, 307 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம் 3.73. கேபின் மூலைகளில் கொஞ்சம் துரு. மற்றபடி பாடி கெட்டி.

எஞ்சின்தான் போய்விட்டது. நீலப் புகை, சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் படுத்துக்கொள்கிறது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் பேருக்குத்தான் இருக்கிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

எல்லோரும் செவர்லே சில்வராடோ பிக்கப்பில் வந்த 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சினைப் போடு என்கிறார்கள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் உள்ளூர் சால்வேஜ் யார்டில் எஞ்சினும் 4எல்60இ கியர்பாக்ஸும் தனியாகக் கிடைக்கின்றன. எனக்கு வெல்டிங் சுமாராக வரும், ஒயரிங் என்றால் பயம். வார இறுதியில் மட்டும்தான் நேரம். எதில் மாட்டிக்கொள்வேன் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

ஃப்ரீமாண்ட் குமரன்:

முதலில் சட்டம். டெக்சாஸில் உங்களுக்குக் கவலையில்லை. 24 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது, தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையையும் 2025 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: 1975 வரையிலான பெட்ரோல் வண்டிக்கு ஸ்மாக் சோதனை இல்லை. 1976 மாடலிலிருந்து கதை வேறு. போடும் எஞ்சின் வண்டியின் வருடத்துக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும், அதனோடு வந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் முதலான எல்லாச் சாமானும் இருக்க வேண்டும், ரெஃப்ரி எனப்படும் மாநிலச் சோதனை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நான் 1978 வண்டி வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

பழசே_போதும்:

மாற்றுக் கருத்து ஒன்று. ஒயரிங் பயம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஒரு பழைய பாணி 350 கன அங்குல வி8 எஞ்சின் வாங்கிப் போடுங்கள் (கியர்பாக்ஸின் பெயரிலுள்ள 350 வேறு). பழைய மவுண்ட், பழைய கியர்பாக்ஸ், பழைய ரேடியேட்டர், பழைய டேங்க், எல்லாம் அப்படியே பொருந்தும். காலையில் 307ஐ இறக்கினால் மறுநாள் வண்டி ஓடும். கார்புரேட்டரைத் திறந்து பார்த்தால் என்ன கோளாறு என்று கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பெட்டி கோபித்துக்கொண்டால் அதனிடம் என்ன கேட்பது?

பீளமேட்டு லேத்:

மேலே சொன்னவர் சொன்னதில் தப்பில்லை. மாதம் ஒரு முறை ஓட்டப்போகிற வண்டி என்றால் நானும் 350 என்றுதான் சொல்வேன். ஆனால் தம்பிக்குப் பிரச்சினை எஞ்சின் மட்டுமில்லை. 70 மைலில் கத்த வேண்டியிருக்கிறது என்கிறாரே, அது கியர்பாக்ஸ் பிரச்சினை. டர்போ 350ல் மூன்றே கியர், கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று. 28 அங்குல டயரும் 3.73 ஆக்சிலும் வைத்துக் கணக்குப் போட்டால் 70 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,100 சுற்று சுற்றும். 4எல்60இயில் நான்காவது கியர் 0.70. அதே வேகத்தில் சுமார் 2,200. அந்த 900 சுற்றுதான் உங்கள் மனைவியின் தொண்டையைக் காப்பாற்றும். புது 350 போட்டாலும் பழைய கியர்பாக்ஸ் இருக்கிறவரை கத்தல் இருக்கும்.

எனவே 5.3 போடுங்கள். ஆனால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். இடித்து நொறுங்கிய முழு வண்டியாக வாங்குங்கள். சில்வராடோ, டாஹோ, சபர்பன், எதுவானாலும் சரி, 1999க்கும் 2007க்கும் நடுவில், பின்பக்கமோ பக்கவாட்டிலோ அடிபட்டு, சாவி போட்டால் ஓடுகிற வண்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. எஞ்சின் மலிவுதான். அதோடு வராத சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கும்போதுதான் பை கிழியும்.

ஏன் என்று சொல்கிறேன். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான பிசிஎம் பெட்டியின் கனெக்டர்கள் 2002 வரை நீலம்-சிவப்பு, 2003லிருந்து நீலம்-பச்சை. 2002 வரை பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள். 2003லிருந்து டிரக்குகளில் கேபிள் கிடையாது, மின்சாரப் பெடல். அந்தப் பெடல், அதற்கான தனி மாட்யூல், பிசிஎம், த்ராட்டில் பாடி, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பேசும். யார்டில் எஞ்சினைக் கொடுக்கும்போது ஒயரிங்கை வெட்டிக் கொடுப்பார்கள். பெடலைக் கேட்டால் சிரிப்பார்கள். முழு வண்டி வாங்கினால் இவை எல்லாம் ஒரே குடும்பமாக வந்துவிடும். பவர் ஸ்டீயரிங் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பிராக்கெட், போல்ட், கிளிப் வரைக்கும். இன்னொரு லாபம்: கழற்றும் முன் அந்த எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்டுவிடலாம். வேலை முடிந்ததும் மிச்சத்தை எடைக்குப் போடலாம்.

எஞ்சினை உட்கார வைப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. பழைய மவுண்ட்டில் பிளாக்கின் பக்கத்துக்கு மூன்று போல்ட், இதில் நான்கு. நடுவில் ஒரு அடாப்டர் தகடு, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் சுமார் 3 அங்குலம் நீளம் கூடும், அதனால் பின் கிராஸ்மெம்பரைத் தள்ளி வைத்து டிரைவ் ஷாஃப்டை அளந்து வெட்டிக் கட்ட வேண்டும். வெட்டுவதை ஷாஃப்ட் பேலன்ஸ் செய்கிற பட்டறையில் விடுங்கள், வீட்டில் வேண்டாம். பழைய கியர்பாக்ஸையே 5.3க்குப் பின்னால் மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மாட்டலாம். ஆனால் இந்த 5.3 சேர்ந்த எல்எஸ் எஞ்சின் வகையில் கிராங்கின் பின்முகம் சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும், அதற்கு ஸ்பேஸரும் வேறு ஃபிளெக்ஸ் பிளேட்டும் வேண்டும். தவிர, மேலே சொன்ன 900 சுற்றும் கிடைக்காது.

நேரம் போவது பெட்ரோலில். உங்கள் கார்புரேட்டருக்கு மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம். இந்த எஞ்சினுக்கு 58 வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ், பழைய கிளாம்ப் எதையும் அதில் சேர்க்காதீர்கள். இஎஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். 1972 வரை இந்த வண்டிகளில் டேங்க் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால், முதுகை ஒட்டி. குழந்தைகளை ஏற்றுவீர்கள் என்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே அதைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குக் கீழே பின் சட்டங்களுக்கு நடுவில் பம்ப் உள்ளேயே இருக்கிற டேங்க் போட்டுவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்க இடமும் வரும், கேபினில் பெட்ரோல் வாசமும் போகும். என்னைக் கேட்டால் எஞ்சின் மாற்றாவிட்டால்கூட இதைச் செய்யலாம்.

டேங்க் வாங்கும் முன் எஞ்சின் மேலே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற ஃபியூவல் ரெயிலைப் பாருங்கள். இரண்டு குழாய் இருந்தால் ரெகுலேட்டர் ரெயிலிலேயே இருக்கிறது, டேங்க் வரை ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும். ஒரே குழாய் என்றால் பின்னால் வந்த மாடல். அதற்குப் பழைய கார்வெட்டில் வந்த ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த உருளையை டேங்குக்குப் பக்கத்தில் மாட்டினால் அதுவே 58ல் நிறுத்திவிடும். ரிட்டர்ன் லைன் இரண்டடியில் முடிந்தது.

தண்ணீரில் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டுகளிலிருந்து மெல்லிய ஒரு குழாய் முன்னால் வரும். ஆவியும் காற்றும் வெளியேறுவதற்கு. பழைய ரேடியேட்டரில் அதற்கு வாய் இருக்காது என்பதால் பலர் அடைத்துவிடுகிறார்கள். அடைக்கக் கூடாது. ரேடியேட்டரின் மேல்பக்கத்தில் ஒரு வாய் வைத்து அதில் சேருங்கள். இல்லாவிட்டால் ஹெட்டில் காற்று தங்கி, கேஜ் நார்மல் காட்டும்போதே உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

கேட்டிக்காரன்:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. முழு வண்டி யோசனை பிடித்திருக்கிறது. ஏல யார்டில் பின்பக்கம் நசுங்கிய ஒரு 2002 டாஹோ பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒயரிங்கில் ஒரு சந்தேகம். சாவி போட்டால் 12 வோல்ட் வருகிற ஒயர் ஒன்று பிசிஎம்முக்கு வேண்டும் என்கிறார்கள். பழைய இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயர் சும்மாதானே இருக்கப்போகிறது? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.4 காட்டுகிறது. அதிலேயே சேர்த்துவிடலாமா?

பீளமேட்டு லேத்:

வேண்டாம் தம்பி. நல்லவேளை சேர்ப்பதற்கு முன் கேட்டீர்கள்.

அந்த ஒயர் பார்க்கத்தான் ஒயர், உண்மையில் அது ஒரு ரெசிஸ்டர். பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய இக்னிஷனில் காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் தொடர்ந்து போனால் பாயின்ட் கருகிவிடும். அதனால் செவர்லேக்காரர்கள் அந்த ஒயரையே தடை உள்ள கம்பியில் செய்து, எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு ஒன்பது வோல்ட் அளவில் கிடைக்கும்படி வைத்தார்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டிலிருந்து இன்னொரு ஒயர் வழியாக முழு பேட்டரியும் போகும்.

அப்படியானால் உங்கள் மீட்டர் எப்படி 12.4 காட்டியது? மீட்டர் கரண்ட் இழுக்காது. கரண்ட் ஓடாவிட்டால் தடையில் வோல்ட் விழாது. ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து ஒரு முனையை அந்த ஒயரிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து, பல்பு எரியும்போதே மீட்டரை வைத்துப் பாருங்கள். முள் சறுக்குவது தெரியும், டிஜிட்டல் என்றால் எண் சறுக்கும். இதே ஒயரில் எட்டு காயில், எட்டு இன்ஜெக்டர், பிசிஎம் எல்லாம் தொங்கினால் வண்டி பற்றும், இருமும், நிற்கும். நீங்கள் பம்பையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

சரி, எங்கிருந்து எடுப்பது? டேஷ்போர்டில் இருக்கிற சாவி சுவிட்சின் பின்னாலேயே போங்கள். அங்கே சாவி ‘ரன்’னிலும் ‘ஸ்டார்ட்’டிலும் இரண்டிலும் உயிரோடு இருக்கிற முனையைத் தேடுங்கள். ரேடியோவுக்குப் போகிற முனையை எடுக்காதீர்கள், செல்ஃப் அடிக்கும்போது அது செத்துவிடும், எஞ்சின் சுற்றும், பற்றாது. சரியான முனையிலிருந்தும் நேராகக் கரண்ட் எடுக்க வேண்டாம். அது ஒரு ரிலேயை மட்டும் தூண்டட்டும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், ஃபியூஸ், ரிலே, அங்கிருந்து பிசிஎம், காயில், இன்ஜெக்டர். ஐம்பது வருடம் பழைய சாவி சுவிட்சுக்கு இதற்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, தானாகச் சேசிஸோடு சேராது. ஹெட்டின் பின்பக்கத்தில் கம்பெனி எர்த் ஒயர்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே மாட்டுங்கள். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து கேபினுக்கும் பட்டை கொடுங்கள். மாட்டுகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

பழசே_போதும்:

ஒயரில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துதான் நான் 350 என்றேன் :)

ஸ்பீடோ மீட்டர் என்ன ஆகும்? அந்த வண்டியில் கேபிள். 4எல்60இயில் கேபிள் மாட்ட இடமே இல்லை.

ஃப்ரீமாண்ட் குமரன்:

அதற்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. ஜிபிஎஸ்ஸோ கியர்பாக்ஸின் சென்சாரோ சொல்கிற வேகத்துக்கு ஏற்ப உள்ளே ஒரு சிறு மோட்டார் சுற்றும், பழைய கேபிளை அதில் மாட்டினால் பழைய முள்ளே ஆடும். டயர் அளவு மாற்றினாலும் பெட்டியில் சரிசெய்துகொள்ளலாம். டெம்பரேச்சர் கேஜுக்கு வலது ஹெட்டின் பின்னால் ஒரு பிளக் இருக்கும், அதில் அடாப்டர் வைத்து அந்தக் கேஜின் பழைய சென்சாரையே மாட்டலாம். எஞ்சினை ஏற்றுவதற்கு முன்னால் செய்யுங்கள். பிறகு ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) இடிக்கும், கை போகாது.

ஆயில் பான் பற்றி யாரும் சொல்லவில்லையே? டாஹோவின் பான் ஆழம் அதிகம். வண்டியைக் கம்பெனி உயரத்திலேயே வைத்தால் பிரச்சினை இல்லை. தாழ்த்துகிற எண்ணம் இருந்தால் இப்போதே வேறு பான் வாங்கிவிடுங்கள்.

கேட்டிக்காரன்:

தாழ்த்தும் எண்ணம் இல்லை. நீளப் பெட்டியைத் தாழ்த்தினால் அழகாகவும் இருக்காது என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. டாஹோவில் திருட்டுத் தடுப்பு இருக்குமே, சாவியையும் ஸ்டீயரிங் தண்டையும் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்தால்?

பீளமேட்டு லேத்:

பற்றும், இரண்டு நொடியில் நின்றுவிடும். சொல்லி வைத்தாற்போல் ஒவ்வொரு முறையும். அப்படி நின்றால் பெட்ரோலைச் சந்தேகப்படாதீர்கள், அது தடுப்புதான். பிசிஎம்மின் புரோகிராமை மாற்றி எழுதுகிற டியூனரிடம் அதைக் கொடுத்தால் தடுப்பை நீக்கிக் கொடுப்பார். அப்போதே பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார், டேங்க் ஆவி சம்பந்தமான பிழைக் குறியீடுகள், மின் விசிறி இயங்க வேண்டிய வெப்பம், டயர் அளவு, ஆக்சில் விகிதம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போக வேண்டிவரும்.

2002 டாஹோ என்றால் அநேகமாகக் கேபிள் த்ராட்டில், உங்களுக்கு வேலை குறைவு. ஏலத்துக்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள். கேபிள் இருக்கிறதா, ரெயிலில் எத்தனை குழாய், ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. இந்த எஞ்சின்களில் சில ஹெட்டுகள் விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீர் கலந்த கதை உண்டு. ஏலத் தொகையை முடிவு செய்யும் முன் கியர்பாக்ஸ் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். கருகின வாசம் வந்தால் அதற்குத் தகுந்தாற்போல் குறைத்துக் கேளுங்கள். கழற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு கனெக்டரிலும் பட்டி ஒட்டி எண் எழுதுங்கள், போட்டோ எடுங்கள். உங்கள் 307ஐ எடைக்குப் போடாதீர்கள், வெறும் பிளாக்காகக்கூட யாராவது கேட்டு வருவார்கள்.