ஓலைப் பெட்டிகளுக்கு முதல் கண்காட்சிக் கடை: விலையை எப்படி வைப்பது?

கேள்வி (தூத்துக்குடி மாவட்டம்)

என் தாயாரும் நானும் பனங்குருத்தோலையைக் கிழித்துச் சாயம் தோய்த்து, மூடியுள்ள பெட்டிகளும், கொட்டான் எனப்படும் சிறு ஓலைக் கூடைகளும் பின்னி வருகிறோம். இதுவரை வீட்டிற்கே வந்து வாங்கிச் செல்லும் வியாபாரி ஒருவருக்கு, நடுத்தரப் பெட்டி ஒன்றுக்கு 140 ரூபாய் வீதம் கொடுத்து வந்தோம். வருகிற டிசம்பரில் சென்னையில் ஐந்து நாள் நடைபெறும் கைவினைக் கண்காட்சியில் முதன்முறையாகச் சொந்தமாகக் கடை போடவிருக்கிறோம். பத்துக்குப் பத்தடி இடத்திற்கு வாடகை 6,000 ரூபாய். போக்குவரத்துக்கும் தங்கிச் சாப்பிடுவதற்கும் இன்னொரு 6,000 ஆகும். ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் 35 ரூபாய், வேலை நான்கு மணி நேரம். 200 ரூபாய்க்கு மேல் சொன்னால் கூட்டம் நகர்ந்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். பேரம் பேசுபவர்களுக்கு என்ன சொல்வது என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (கோயம்புத்தூர், சுடுமண் நகைகள்)

சகோதரி, உங்கள் கணக்கையே ஒருமுறை முழுவதுமாகப் போட்டுப் பாருங்கள். ஐந்து நாளில் 150 பெட்டிகள் விற்கும் என்று வைத்துக்கொண்டால், 12,000 ரூபாய்ச் செலவில் ஒவ்வொன்றின் தலையிலும் 80 ரூபாய் விழுகிறது. 200 ரூபாயில் இந்த 80ஐயும் ஓலை, சாயத்தின் 35ஐயும் கழித்தால் மிஞ்சுவது 85, அதாவது மணிக்கு 21 ரூபாய் சொச்சம். வியாபாரியிடம் கொடுக்கும்போது செலவு போக 105 நிற்கிறது, மணிக்கு 26 ரூபாய். அவ்வளவு தூரம் சென்று, ஐந்து நாள் நின்று, வீட்டு வாசலில் கிடைப்பதைவிடக் குறைவாகக் கூலி பெறுவதற்கா இந்தக் கடை?

மணிக்கு 60 ரூபாயாவது உங்கள் கைக்கு வேண்டும் என்று வைத்தால் 240, 35, 80 எல்லாம் சேர்ந்து 355 ஆகிறது. ஆகவே 360க்குக் கீழே இறங்காதீர்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் வாடகையை விலையில் சேர்க்காமலே விற்றேன். கடையில் கூட்டம் இருந்தது, ஊர் திரும்பும்போது கையில் பணம் இருக்கவில்லை. 360 ரூபாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் 80, 120 ரூபாய்க்குச் சிறு கொட்டான்களை வையுங்கள். வெறுங்கையோடு போக மனமில்லாதவர்கள் அவற்றை எடுப்பார்கள்.

பதில் 2 (காரைக்குடிப் பக்கம், கொட்டான் பின்னும் குழு)

மேலே சொன்ன கணக்கு சரியே. ஆனால் விலையைத் தாங்கி நிற்பது சரக்கின் நிலைதான். டிசம்பர் மழைக்காலம், ஈரம் முழுமையாகப் போகாத ஓலை இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். புறப்படும் முன் நல்ல வெயிலில் காய வைத்து, துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். தரையிலும் ஒரு பலகை போட்டு, அதன் மேலேயே சரக்கை வையுங்கள்.

பேரத்திற்கு எங்கள் விடை, கடையில் உட்கார்ந்து பின்னுவதுதான். உங்கள் தாயார் ஒரு மூலையில் ஓலையை நனைத்து வார் கிழித்துப் பின்னிக்கொண்டிருக்கட்டும். அரை மணி நேரத்தில் அடிப்பாகம்கூட முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவர் பாதி விலைக்குக் கேட்கக் கூசுவார். இன்னொன்று: ‘செட்டிநாடு கொட்டான்’ என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர், அதாவது அந்தப் பகுதியில் செய்தவற்றுக்கே உரியது. உங்கள் கொட்டான்களுக்கு அந்தப் பெயரை எழுதாமல் உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். தென்பாண்டிக் கடற்கரையின் ஓலை வேலைக்குத் தனி மதிப்பு உண்டு.

பதில் 3 (சென்னை, துணிப் பொம்மைகள்)

விலையே குறைக்கக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மூன்று பெட்டி எடுப்பவருக்கு ஒரு சிறு கொட்டானைச் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. விலைச் சீட்டில் எழுதியதை ஆளுக்கு ஆள் மாற்றுவதுதான் தவறு. பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நடைமுறையில், யூபிஐ குறியீட்டு அட்டையை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள், ஆனாலும் 50, 100 ரூபாய்ச் சில்லறையை மறக்காதீர்கள். கூட்ட நேரத்தில் கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடும். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்கும் ‘பெஹ்சான்’ கைவினைஞர் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அரசு ஆதரவுடன் நடக்கும் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணிக்கு 21 ரூபாய் என்பதை அம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 360 என்றே எழுதச் சொன்னார். கடையில் உட்கார்ந்து பின்னவும் ஒப்புக்கொண்டார். பாதி பின்னிய பெட்டிகள் நான்கையும், நனைப்பதற்கு ஒரு சிறு வாளியையும் சேர்த்து எடுத்துச் செல்கிறோம்.