834-ஆ, 814-ஆ? கவிதாவின் ஏல ரேம் பற்றி

வேலன்_ஹார்டுவேர்:
நேற்று கவிதாவுக்குத் தினேஷ் கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால் தனி இழையாகவே போடுகிறேன். கவிதா ஒரு ஏலத் தளத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு எடுத்திருக்கிறார். சாம்சங் ஸ்டிக்கர், 2666 வேகம், பிரிக்காத புதுச் சரக்கு என்று விற்றவர் எழுதியிருக்கிறார். வந்ததைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று படம் போட்டுக் கேட்டார். தினேஷ் சொன்னது இதுதான்: "சிபியு-இசட் சாம்சங் என்று காட்டினால் அது சாம்சங்தான். வீணாகக் குழம்ப வேண்டாம்."

சிபியு-இசட் என்பது கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் மென்பொருள். அது சிப்பைப் பார்த்துச் சொல்வதில்லை. ரேம் பலகையில் எஸ்பிடி என்று ஒரு குட்டி நினைவுச் சில்லு இருக்கிறது. டிடிஆர்4-இல் அது 512 பைட். அதில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். யார் தயாரித்தது என்பது 320, 321-ஆம் பைட்டுகளில். தயாரித்த ஆண்டும் வாரமும் 323, 324-இல். அதை மாற்றி எழுத பெரிய தொழிற்சாலை எதுவும் வேண்டாம்.

இப்போது படத்துக்கு வாருங்கள். ஸ்டிக்கரில் 1822. அதாவது 2018, 22-ஆவது வாரம். சிப்பில் எஸ்இசி 834. எஸ்இசி என்பது சாம்சங்கின் முத்திரை. 8 என்றால் 2018, 34 என்றால் 34-ஆவது வாரம். மே கடைசியில் கட்டி முடித்த பலகையில் ஆகஸ்டில் செய்த சிப் எப்படி வந்து உட்கார்ந்தது? தினேஷ் பதில் சொல்லட்டும்.

தாம்பரம்_தினேஷ்:
தனி இழை போட்டு என் பெயரை இழுக்கும் அளவுக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. சரி, பதில் சொல்கிறேன். அது 834 இல்லை, 814. படத்தில் டியூப்லைட் வெளிச்சம் நேராக அடிக்கிறது, நடு எண்ணின் பாதி அதில் அழிந்துவிட்டது. 814 என்றால் ஏப்ரல். ஏப்ரலில் சிப், மே கடைசியில் பலகை. எல்லாம் சரியாக இருக்கிறது. எஸ்பிடியிலும் 22-ஆவது வாரம்தான் இருக்கிறது, ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறது. கவிதா ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினார், ஒரு பிழைகூட வரவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேலன்_ஹார்டுவேர்:
ஸ்டிக்கரை அடித்தவனே எஸ்பிடியையும் எழுதியிருந்தால் இரண்டும் ஒத்துத்தான் போகும். திருடன் எழுதிய இரண்டு கணக்கும் பொருந்துகின்றன என்பது ஒரு சாட்சியா? மெம்டெஸ்ட் பிழை வருகிறதா என்று பார்க்கும். யார் தயாரித்தது என்று பார்க்காது. அசலிலும் பிழை வரும், போலியிலும் வராமல் இருக்கும்.

834-தான். பெரிதாக்கிப் பாருங்கள். 1-க்கு வளைவு ஏது?

தாம்பரம்_தினேஷ்:
பெரிதாக்கினால் பிக்ஸல்தான் தெரிகிறது, வளைவு தெரியவில்லை. 814.

கவிதா_நெட்வொர்க்:
வேலன் அண்ணா, தினேஷ் அண்ணா, சண்டை வேண்டாம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு 3 போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த எண்ணின் மேல்பாதி ஸ்டிக்கருக்கு அடியில் போகிறது. ஸ்டிக்கரை உரித்தால் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர். திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமை வரைதான் நேரம். அனுப்பலாமா, வேண்டாமா?

நித்யா_எம்பெடட்:
கவிதா, வாரத்தை விடுங்கள். புதுப் படத்தில் அதே சிப்பில் இன்னொரு குறியீடு தெளிவாக இருக்கிறது: பிசிஆர்சி. சாம்சங் டிடிஆர்4-இல் கடைசி இரண்டு எழுத்து வேகத்தைச் சொல்லும். பிபி என்றால் 2133, ஆர்சி என்றால் 2400, டிடி என்றால் 2666. உங்கள் ஸ்டிக்கரில் பாக எண் சிடிடி என்று முடிகிறது. 2400 என்று தரம் பிரித்த சிப்பின் மேல் 2666 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இது போதும். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

வேலன்_ஹார்டுவேர்:
பார்த்தீர்களா, வாங்கியவரே 3 என்று சொல்லிவிட்டார். தினேஷ், இப்போதாவது?

தாம்பரம்_தினேஷ்:
"3 போல" என்றார், 3 என்று சொல்லவில்லை. மேல்பாதி தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. அப்புறம், அந்த 8 ஏன் 2018 ஆக இருக்க வேண்டும்? ஒற்றை எண்தானே, எந்தப் பத்தாண்டு என்று யார் சொன்னது?

வேலன்_ஹார்டுவேர்:
டிடிஆர்4 தரத்தை ஜெடெக் என்ற தர அமைப்பு வெளியிட்டதே 2012 செப்டம்பரில். 2008-இல் எங்கிருந்து டிடிஆர்4 சிப் வரும்? ரேமைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

பெட்டிக்கடை:
இந்த ஏமாற்று புதிது இல்லை தம்பிகளா. டிடிஆர்2 காலத்தில் 4 ஜிபி ரேமை ஏலத்தில் பாதி விலைக்கு விற்பார்கள். "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வாங்கி இன்டெல் போர்டில் போட்டால் மெஷின் கிளம்பாது. சிப்பின் அடுக்கு முறையே வேறு, அந்தக் கால இன்டெல் சிப்செட்டுக்கு அந்த முகவரி புரியாது. அதற்குத்தான் சொல்கிறேன், சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கோவை_மின்னல்:
ரிச்சி தெருவில் மட்டும் எல்லாம் அசலா? பில் கேட்டால் விலை ஏறுகிற கடைகள் அங்கேயும் உண்டு. எனக்கு 1 டிபி பென்டிரைவ் என்று கொடுத்தார்கள். கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினால் 32 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை.

பெட்டிக்கடை:
எந்தக் கடை என்று பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் தெருவைக் குறை சொல்லக் கூடாது. நான் வாங்க ஆரம்பித்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டீர்கள்.

கோவை_மின்னல்:
வயசு என்ன சான்றா? பில் கொடுப்பார்களா என்றுதான் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

வேலன்_ஹார்டுவேர்:
பென்டிரைவ் கதையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கன்ட்ரோலர் கொள்ளளவைப் பொய் சொல்லும், எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரேமில் கொள்ளளவு மோசடி எடுபடாது. இல்லாத முகவரியை இருப்பதாகச் சொன்னால் மெஷின் தொடக்கத்திலேயே தடுமாறும். அதனால்தான் ரேமில் பெயரையும் வேகத்தையும் தேதியையும் மாற்றுகிறார்கள். நம் கேள்வி தேதி. 834.

தாம்பரம்_தினேஷ்:
814. உங்களுக்கு எப்போதும் இதே வேலை. போன தடவை எஸ்எஸ்டி இழையிலும் ஒருவரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப வைத்தீர்கள். அவருக்குப் பணம் வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிட்டது. மறுபடி அதே எஸ்எஸ்டியைக் கூடுதல் விலைக்கு வாங்கினார். இப்போது ரேம் விற்கிற விலையில் கவிதாவுக்கும் அதையே செய்யப் பார்க்கிறீர்கள்.

வேலன்_ஹார்டுவேர்:
அந்த எஸ்எஸ்டி பயன்படுத்திய சரக்கு. எஸ்எஸ்டி தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ஓடிய மணி நேரமே ஆயிரக்கணக்கில் இருந்தது. புதிது என்று விற்றதைத் திருப்பி அனுப்பச் சொன்னது தப்பா? மெஷினுக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாட் எண்ணை மட்டும் பார்த்துச் சிபாரிசு செய்கிறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

தாம்பரம்_தினேஷ்:
அந்தப் பவர் சப்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கியவரிடம் கேளுங்கள்.

நித்யா_எம்பெடட்:
மறுபடி சொல்கிறேன். 814 ஆனாலும் 834 ஆனாலும் பிசிஆர்சி மாறாது. சிப் 2400. ஸ்டிக்கர் 2666. 2400 சிப் 2666-இல் ஓடாது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் ஓடும். மெம்டெஸ்டில் பிழை வராததற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த வேகத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கவில்லை. மே மாதக் கத்திரி வெயிலில், மின்விசிறித் தூசி அடைத்த பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கவிதாவின் மெஷினில் அலுவலகக் கணக்கு ஓடுகிறது. ஒரு பிட் புரண்டால் திரை நீலமாகத்தான் வேண்டும் என்று இல்லை, சத்தமில்லாமல் கோப்பு கெட்டுப்போகலாம்.

தாம்பரம்_தினேஷ்:
நித்யா சொல்வதைப் பார்த்தாலும் சிப் சாம்சங்தான் என்றாகிறது. நான் முதலிலிருந்தே அதைத்தான் சொன்னேன். போலி என்று சொன்னவர் வேலன்.

வேலன்_ஹார்டுவேர்:
வசதியாகப் பேச்சை மாற்ற வேண்டாம். சிப் சாம்சங்கா என்று யார் கேட்டது? பழைய பலகையிலிருந்து கழற்றிய சிப்பும் சாம்சங்தான். சாம்சங் கட்டி அனுப்பிய பலகையா என்பதுதான் கேள்வி. இல்லை என்பதற்கு ஆதாரம் 834. ஸ்டிக்கர் 22-ஆவது வாரம், சிப் 34-ஆவது வாரம். இடையில் 12 வாரம். அந்த 12 வாரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தாம்பரம்_தினேஷ்:
814 என்றால் 12 வாரமே இல்லை. இதுதான் பதில்.

கவிதா_நெட்வொர்க்:
நித்யா அக்கா, நன்றி. இரண்டு குறியீடும் தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டேன். இரண்டாவது ரேமிலும் பிசிஆர்சிதான். புகார்ப் படிவத்தில் "பொருள் வேலை செய்யவில்லை", "விவரிப்போடு பொருந்தவில்லை" என்று இரண்டு இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

நித்யா_எம்பெடட்:
இரண்டாவது. வேலை செய்யவில்லை என்று போட்டால் ஓடுகிற வீடியோ கேட்டு இழுத்தடிப்பார்கள். விவரிப்பில் 2666 என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் விற்றவர் அந்தப் பக்கத்தை மாற்றிவிடக்கூடும்.

பெட்டிக்கடை:
இதற்குத்தான் நேரில் வாங்கு என்றேன். படிவம், வீடியோ, படம் எதுவும் வேண்டாம். கடைக்காரர் முகத்துக்கு நேரே பேசி மாற்றிக்கொண்டு வரலாம்.

கோவை_மின்னல்:
பில் இருந்தால்.

வேலன்_ஹார்டுவேர்:
கவிதா, பார்சல் கட்டுவதற்கு முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். ஸ்டிக்கரைத் தொட வேண்டாம். ஸ்டிக்கர் மூடாத ஓரச் சிப் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் எண்ணைப் படம் எடுங்கள். பெரும்பாலும் ஒரே லாட், வாரமும் ஒன்றாகவே இருக்கும். எல்லோரும் பார்க்கட்டும்.

தாம்பரம்_தினேஷ்:
வேறு சிப்பில் 34 இருந்தால் அது அந்தச் சிப்பின் வாரம். நாம் பேசிக்கொண்டிருந்தது இந்தச் சிப். இது 814.