எடை குறைந்த பேட்மிண்டன் ராக்கெட்: மகளுக்கு எது, எனக்கு எது?

வணக்கம். நாங்கள் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இப்போதுதான் பேட்மிண்டன் பழகுகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டையர் ஆடுகிறவன்.

அவளுக்கு 5யு எடைப் பிரிவு (75-79 கிராம்), வளைந்து கொடுக்கும் ஷாஃப்ட் (கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவிலுள்ள தண்டு), நரம்பு இழுத்துக் கட்டும் விறைப்பு 20 பவுண்டு போதும் என்று நினைக்கிறேன். இப்போதுள்ள இரும்பு ராக்கெட்டில் கொஞ்சம் ஆடினாலே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை.

என் விஷயம்தான் குழப்பம். வலைக்குப் பக்கத்தில் சட்டென்று திருப்ப 5யு வசதி. ஆனால் பின்கோட்டிலிருந்து ஸ்மாஷ் அடித்தால் வேகம் இருக்குமா? தலைப்பக்கம் கனமான 5யு எடுக்கலாமா, இல்லை சமநிலையுள்ள 4யு (80-84 கிராம்) நல்லதா? இரண்டிலும் ஆடியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பாலக்காட்டிலோ கோவையிலோ கையில் பிடித்துப் பார்த்து வாங்க, நரம்பும் கட்டித் தர நல்ல கடை உண்டா?